படம் எடுக்கிறவள் சொல்லாதது

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் படியிறங்கி இடப்பக்கம் திரும்பினால் கடைசி அறை. ஜன்னல் கிடையாது. கதவு கனமோ கனம், உள்ளே ஈயத் தகடு வைத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் அசையும். அந்த அறைக்குள் இருபது வருஷத்துக்கும் மேலாக ஊரார் எலும்புகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள் அவள். எல்லோருக்கும் எக்ஸ்ரேக்கா. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது, சம்பள நாளில் மட்டும் யாராவது அதைக் கூப்பிடுவார்கள்.

காலையில் அவள் உள்ளே போகும்போது சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும். வெளியே வரும்போது மறுபடி கட்டடங்களுக்குப் பின்னால் போயிருக்கும். நடுவில் அது என்ன செய்தது, எங்கே சுற்றியது என்று அவளுக்குத் தகவல் இல்லை. மழை பெய்ததா என்பதைக்கூட நோயாளிகளின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

வேலை நேரத்தில் அவள் பேசுவது ஏறக்குறைய இவ்வளவுதான்: "சங்கிலி, வளையல் எல்லாம் கழட்டிடுங்க. நேரா நில்லுங்க. தாடையை மேல தூக்குங்க. மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடலாம்." நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். அடுத்தவர் வரலாம்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. படம் எடுக்கிறவர் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திரையில் அவளுக்கு எல்லாம் தெரியும்: விரிசல், சளி, இருக்கக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் புள்ளி. நோயாளி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். பாவம், கேட்கத்தானே செய்வார். "டாக்டர் சொல்வாரு." இதுதான் பதில், இது மட்டும்தான் பதில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை இரக்கப்பட்டு வாயை விட்டுவிட்டு, பெரிய டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு நாக்குக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர் பேக்கரிக்காரர். மாடியில் வீடு, கீழே பேக்கரி. முன்னால் கடை, பின்னால் அடுப்பு, நடுவில் ஒரு துணித் திரை. மனிதர் மாவு பிசைவதில் கெட்டிக்காரர் என்றாலும் ஜனங்கள் ரொட்டிக்காக மட்டும் வரவில்லை, அவருடைய சிரிப்புக்காகவும் வந்தார்கள். கல்லாவில் நின்று அவர் ஒரு தடவை சிரித்தால், எதிர்ப்பக்கம் செருப்புக்கடைக்காரர் "என்னய்யா விஷயம், எனக்கும் சொல்லு" என்று ரோட்டைத் தாண்டி வந்துவிடுவார். எக்ஸ்ரேக்கா கல்யாணத்துக்குச் சம்மதித்ததே அந்தச் சிரிப்பை அடுத்த அறையிலிருந்து கேட்டுத்தான். ஆளை அதற்கப்புறம்தான் பார்த்தாள்.

போன வருஷம் ஒரு காலையில் அவர் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. அலறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூளையில் ஒன்றும் இல்லை, நரம்பு வீங்கியிருக்கிறது என்றார்கள். முக்கால்வாசிப் பேருக்கு முழுசாகச் சரியாகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும் என்றார்கள். இவர் அந்தச் சிலரில் ஒருவர் ஆகிப்போனார். கண் பழையபடி மூடித் திறந்தது, நெற்றி சுருங்கியது, பேச்சும் தெளிந்தது. இடது வாயோரம் மட்டும் எழுந்திருக்கவில்லை. சும்மா இருந்தால் தெரியாது. சிரித்தால் வலது பாதி மேலே போகும், இடது பாதி கீழேயே நின்று வேடிக்கை பார்க்கும்.

அந்த முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"டாக்டர் சொல்வாரு" என்றாள் அவள்.

யோசித்துச் சொன்னதா என்றால் இல்லை. பழகின வாய், தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. இவளும், புண்ணைப் போய் எதற்குக் கிளற வேண்டும் என்று, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைக்கு வந்த ஒரு குழந்தை அவர் சிரித்ததைப் பார்த்து அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட அன்றைக்கு, அவர் திரைக்குப் பின்னால் போனவர்தான், மறுபடி முன்பக்கம் வரவில்லை. சாப்பிடும்போது இடப்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார். சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஒரேயடியாக.

கல்லாவுக்கு அவருடைய தங்கை வந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று எல்லோரிடமும் சண்டை போட்டு ஜெயித்தவள், அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடும். அணைக்கிற பொத்தான் கிடையாது என்பது அவளே சொல்லிக்கொள்கிற பெருமை. கடைச் சத்தத்துக்கு அவள் போதும். ஆனாலும் எக்ஸ்ரேக்காவுக்கு அந்த இன்னொரு சத்தம்தான் வேண்டியிருந்தது. வேலை முடிந்து வந்து மாடிப்படி ஏறும்போது, பாதிப் படியில் நின்று, அடுப்பறைப் பக்கம் காது கொடுப்பாள். தட்டுகள் உரசும், அடுப்புக் கதவு மூடும். அதோடு சரி.

கேமரா வந்தது இப்படி. இருதய டாக்டர் புதிதாக ஒன்று வாங்கிவிட்டு, பழையதை ஊழியர்கள் சாப்பிடும் மேசையில் வைத்து, "யாருக்காவது வேணுமா?" என்றார். எல்லோரும் ஃபோனில் எடுத்துக்கொள்கிற காலத்தில் யார் கேட்பார்கள்? எக்ஸ்ரேக்கா சும்மா கையில் எடுத்து, அதன் சின்னக் கண்ணாடிக்குள் கண்ணை வைத்தாள். கீழ்த்தள நடைபாதையின் கோடியில், படிக்கட்டு வழியாக இறங்கி வந்த வெளிச்சம் தரையில் ஒரு முழம் நீளத்துக்கு விழுந்திருந்தது. இத்தனை வருஷமாக அதை மிதித்துக்கொண்டு போயிருக்கிறாள். கண்ணாடிக்குள் பார்த்தபோது, மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

முதலில் எடுத்தது ஒரு குட்டையை. மழை விட்ட மாலையில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ரோட்டுப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீர். அதில் ஒரு முழு வானம் மல்லாந்து கிடந்தது. பஸ் வந்தது, போனது, அவள் குனிந்தபடியே நின்றாள். பஸ் கிளப்பிய காற்றில் வானம் நடுங்கி, மேகங்கள் ஓரத்துக்கு ஒதுங்கி, பிறகு மெல்ல நடுவுக்கு வந்து படுத்துக்கொண்டன. சத்தியமாகச் சொல்கிறேன், மேலே இருந்த வானத்தைவிட அதுதான் நன்றாக இருந்தது.

அப்புறம் பித்துப் பிடித்துவிட்டது, வேறென்ன சொல்ல? காலையில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். தெருவிளக்கு அணைவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருக்கிறதே, விளக்கு வெளிச்சமும் விடியல் வெளிச்சமும் கலந்து, எது எதுவென்று தெரியாமல் சுவர்களெல்லாம் பால் நிறத்தில் மிதக்கிற நேரம், அதற்குள் அவள் கால் சத்தம் கேட்காமல் போய்வந்தாள். மூடிய கடைகள், கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிய சைக்கிள்கள், மூன்றாவது மாடியில் தனியாக எரியும் ஒரு சமையலறை. எல்லாமே ஏதோ சொல்ல வாயெடுத்து, சரி, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பதாக அவளுக்குப் பட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. நின்று, பார்த்து, எடுத்து, நகர்ந்தாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்கு ஏறினாள். சலவைக்காரம்மா படுக்கை விரிப்புகளை வரிசை வரிசையாகக் காயப்போட்டிருப்பாள். வெள்ளைத் துணியாலான சந்து பொந்துகள். உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது, வரவும் மனசு வராது. வெயில் துணிக்கு அந்தப் பக்கம் நிற்கும். சலவைக்காரம்மாவின் நிழல் துணியில் பெரிதாக எழுந்து, கையை நீட்டி, கிளிப்பைப் பிடுங்கி, சின்னதாகிச் சின்னதாகி, அடுத்த துணிக்குள் போய் மறையும். கனவில் நடப்பவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். ஆட்களுக்குள்ளே புகுந்து எலும்பு வரைக்கும் பார்த்துச் சலித்தவளுக்கு, ஆளே இல்லாத அந்த நிழலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மணி அடித்த பிறகும் அங்கேயே நின்றாள். கீழே ஒரு கைமுறிவுக்காரர் காத்திருந்து திட்டினார். அவளுக்கு உறைக்கவே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்கு எடுத்ததையெல்லாம் கேமராவின் சின்னத் திரையில் வீட்டுக்காரருக்குக் காட்டுவாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே ஓரக்கண்ணால் பார்ப்பார். "குட்டை" என்பார். "துணி" என்பார். ஆனாலும் மறுநாள், "இன்னைக்கு என்ன எடுத்த?" என்று அவராகக் கேட்பார். ஒரு வருஷத்தில் அவர் அவளிடம் தானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்காகவே அவள் தினமும் எடுத்தாள்.

ஆட்களை எடுக்கப் போனபோதுதான் வந்தது வினை.

மருந்துக்கடை அம்மா ஆசையாகத் தோடு, நெக்லஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எக்ஸ்ரேக்கா கேமராவைத் தூக்கி, "சங்கிலி, வளையல் எல்லாம் கழட்டிடுங்க" என்றாள்.

"எதுக்குக் கழட்டணும்? அதைக் காட்டத்தானே வந்து நிக்கறேன்!"

"ஐயோ, பழக்கதோஷம். சரி, நேரா நில்லுங்க. தாடை மேல. மூச்சை இழுங்க... பிடிங்க."

க்ளிக். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. செருப்புக்கடைக்காரர், காவலாளி, பஸ் கண்டக்டர், எல்லோருக்கும் அதே மரியாதை. படங்களைப் பார்த்த ரேடியோ கல்லாவில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன அண்ணி இது, அத்தனை பேரும் தண்ணிக்குள்ள முங்கப் போற மாதிரி இருக்காங்க! அதுல பக்கவாட்டு வேற. போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டப் போறீங்களா?"

எக்ஸ்ரேக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி படங்களைத் திரும்பப் பார்க்கும்போது ஒன்று பிடிபட்டது. அவள் "விடலாம்" என்று சொன்னதும் ஜனங்களுக்கு என்ன ஆகிறது என்று யோசித்தாள். தோள் இறங்கும். கண் தன் இடத்துக்குத் திரும்பி வரும். "அப்பாடா" என்று ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்த முகம்தான் அந்த ஆளுடைய முகம். இருபது வருஷமாகச் சரியாக அந்த நேரத்தில்தான் அவள் இயந்திரத்தை அணைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்! அதற்கப்புறம் முறையை மாற்றினாள். மூச்சைப் பிடிக்கச் சொல்வாள், எடுக்க மாட்டாள். "விடலாம்" என்பாள், அப்போது எடுப்பாள். மருந்துக்கடை அம்மா தன் புதுப் படத்தைப் பார்த்து, "இது எங்க அக்கா மாதிரி இருக்கு" என்று கண் கலங்கினாள். நல்லதாகச் சொன்னாளா கெட்டதாகச் சொன்னாளா தெரியவில்லை. படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலை. வெக்கைக்காகத் திரையைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். அடுப்பறையின் உயரத்தில் இருந்த சின்னத் திறப்பு வழியாக வெயில் சாய்வாக இறங்கி, அதில் மாவுத்தூள் இறங்காமலும் ஏறாமலும் நின்றுகொண்டிருந்தது. கூட்டம் இல்லை. ரேடியோ, "அண்ணி, என்னை ஒண்ணு எடுங்க. எதுக்கும் இல்ல, சும்மா அழகா இருக்கேன்" என்று அடுப்பறைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

எக்ஸ்ரேக்கா கண்ணை வைத்தாள். முன்னால் ரேடியோ. பின்னால், அந்த வெயிலுக்குள், பன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்.

"மூச்சை இழு. பிடி."

ரேடியோ கன்னத்தை உப்பிக்கொண்டாள். பின்னால் அவருடைய மார்பும் மேலே எழும்பி, அப்படியே நின்றது. தட்டு அந்தரத்தில். அவரையறியாமல் அவரும் மூச்சைப் பிடித்திருந்தார்! இத்தனை வருஷம் அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தினால் உடம்பு வேறென்ன செய்யும்? எக்ஸ்ரேக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. வேண்டுமென்றே "விடலாம்" சொல்லாமல் இருந்தாள். ரேடியோவின் முகம் சிவந்தது, கண் பிதுங்கியது.

"அண்ணி, கொல்லப் பாக்கறீங்களா!" என்று ரேடியோ வெடித்தாள். பின்னால் அவரும் வெடித்தார். அடக்கி வைத்த மூச்சு முழுக்கச் சிரிப்பாக வந்தது. தட்டில் பன்கள் குதித்தன. செருப்புக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எக்ஸ்ரேக்கா அழுத்தினாள். ஒரே ஒரு படம். அதற்குள் அவருக்குச் சுரணை வந்து, வாயை முழங்கையால் மறைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

விரல் எப்போது லென்ஸ் வளையத்தைத் திருப்பியதோ தெரியாது. படத்தில் ரேடியோ வெறும் பனியாகக் கலைந்திருந்தாள். அவர்தான் தெளிவாக இருந்தார். மாவு ஒட்டிய புருவம், பின்னால் சாய்ந்த தலை, பாதி மேலே போன வாய். எக்ஸ்ரேக்கா அதைக் கையகலத்துக்கு அச்சுப் போட்டு வாங்கி, கேமராப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் எடுத்துப் பார்த்தாள். கீழ்த்தளத்தில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்தாள். படத்திலிருந்து அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

ஆனால் அவருக்குக் காட்டவில்லை. பயம். அந்தக் கோணல் வாயைக் கண்ணால் பார்த்துவிட்டால், தப்பித் தவறிக்கூட இனிமேல் சிரிக்க மாட்டாரே என்ற பயம். அதை எடுத்த அன்று ராத்திரியே, "இன்னைக்கு என்ன எடுத்த?" என்று அவர் கேட்டபோது, ஒரு பூனையைக் காட்டினாள். அந்த ஒரு படத்தை மட்டும் சட்டென்று தள்ளிவிட்டாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் அவர் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த வாரமே, "மாவு பொங்கறதைப் பக்கத்துல இருந்து பாக்கணும்" என்று ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்பறையிலேயே படுக்கப் போய்விட்டார். மாவு என்ன புதிதாகவா பொங்குகிறது?  இருந்த ஒரு கேள்வியும் போயிற்று. இப்போது ஆளும் போய்க்கொண்டிருக்கிறார்.

அடுத்த விடுமுறை நாள் விடிவதற்குள் கேமராப் பையோடு கீழே இறங்கினாள். அவர் முதல் தட்டை அடுப்புக்குள் தள்ளிக் கதவை மூடிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"மேல வந்து படுங்களேன்" என்றாள்.

"அன்னைக்கு எடுத்தியே" என்றார் அவர், அடுப்பைப் பார்த்தபடி.

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத. நல்லா இருந்திருந்தா காட்டியிருப்ப."

"அப்படி இல்லங்க..."

"எனக்குத் தெரியும்டி. நீ ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது வாசல்லயே கண்டுபிடிச்சுடுவேன். எல்லார் படமும் நல்லா இருந்த அன்னைக்கு வளவளன்னு பேசுவ. யாரோ ஒருத்தருக்கு மோசமா ஒண்ணு பாத்துட்டு வந்தா பேச மாட்ட. பாசமா இருப்ப. தட்டு நிறையப் போடுவ. ஆனா பேச மாட்ட." அடுப்புக் கதவை இன்னொரு தடவை அழுத்தி மூடினார். "ஒரு வருஷமா எனக்குத் தட்டு நிறையப் போட்டுட்டே இருக்க. என் மூஞ்சியப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அப்ப அது எவ்வளவு மோசம்னு நானே புரிஞ்சுக்கிட்டேன்."

 புண்ணைக் கிளற வேண்டாம் என்று தான் பொத்திப் பொத்தி வைத்த மௌனம், இந்த மனுஷனுக்குத் தினம் தினம் ஒரு கெட்ட சேதியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது! தன் தலையிலேயே நாலு போடு போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பையைத் திறந்து படத்தை எடுத்தாள்.

"என்னைக் கேளுங்க."

"என்னத்தை?"

"அன்னைக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு கேட்டீங்களே. மறுபடி கேளுங்க."

அவர் வெகுநேரம் நின்றார். அடுப்புக்குள் ஏதோ மெல்லச் சீறியது. பிறகு, திரும்பாமலே, "எப்படி இருக்கு?" என்றார்.

அவள் படத்தைத் திறப்பு வழியாக வந்த விடியல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், அவளுடைய அறையில் பிடிக்கிற மாதிரி.

"வலது பக்கம் முழுசா சிரிக்குது. கண்ணோரத்துல சுருக்கம் விழுந்திருக்கு. இடது பக்கம் வாய் எழுந்திருக்கல, கன்னமும் அசையல. பாக்கறவங்களுக்குத் தெரியும், இதை மறைக்க முடியாது." படத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். "ஆனா கண்ணு ரெண்டும் சிரிக்குது. இடது கண்ணும்தான். வாய் வருமா வராதான்னு அது காத்துட்டு நிக்கல. எனக்கு இந்த மூஞ்சியப் பாத்துப் பயம் இல்லங்க. எனக்கு இதைப் பாக்கணும். தினமும் பாக்கணும். நீங்க சுவரைப் பாத்துச் சாப்பிடறதுதான் என்னால தாங்க முடியல. ஒரு வருஷமா தாங்க முடியல."

ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்திருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். அவர் திரும்பினார். படத்தை வாங்கி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"படத்துல பல்லு நல்லா விழுந்திருக்கு" என்றார் கடைசியில்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு, கேமராப் பக்கம் நீட்டினார். "குடு அதை."

"எதுக்கு?"

"குடுன்னா."

கேமராவின் மேலெல்லாம் மாவு விரல் பதிந்தது. எங்கே அழுத்துவது என்று தெரியாமல் தடவினார். அவள் காட்டிக் கொடுத்தாள். மூச்சைப் பிடி என்றோ விடு என்றோ அவர் சொல்லவில்லை. கண்ணை வைத்தார், அழுத்தினார். பிறகு சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன?" என்றாள்.

அவர் பேசவில்லை. திறப்பிலிருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி அவர் தோளுக்கு வந்தது. மாவுத்தூள் அவர்களுக்கு நடுவில் மிதந்தது. எங்கோ தூரத்தில் ஒரு வண்டி போனது, அந்தச் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து தேய்ந்தது.  என்ன தெரிகிறது அதில்? ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்? அப்படி என்ன மோசமாக இருக்கிறேன்? அந்தக் கொஞ்ச நேரமே அவளால் தாங்க முடியவில்லை. இவர் ஒரு வருஷம் இப்படி நின்றிருக்கிறார்.

"ஏதாவது சொல்லுங்களேன்!"

"அழுதிருக்க" என்றார்.

"இப்பதானே அழுதேன், நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க."

"இப்ப இல்ல. ரொம்ப நாளா. கண்ணுக்குக் கீழ பாரு, எவ்வளவு கருத்துப் போச்சு. கன்னம் ஒட்டிப் போச்சு. இது எப்ப ஆச்சு?" அவர் நிமிர்ந்து, முழு முகத்தோடு, நேராக அவளைப் பார்த்தார். "என் மூஞ்சிய ஒளிச்சு வைக்கறதுலயே இருந்துட்டேன். உன் மூஞ்சியப் பாக்கவே இல்லையே."

"ஆமா, பாக்கல" என்றாள் அவள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒரு நாள்கூடப் பாக்கல." மாவுக் கையென்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

முன்பக்கம் ஷட்டரை யாரோ தடதடவென்று தூக்கினார்கள். கூடவே ரேடியோவின் குரல்: "அண்ணா! என்னத்தை எரிக்கறீங்க? தெரு முனை வரைக்கும் நாறுது!"

அடுப்பைத் திறந்தால் ஒரே புகை. முதல் தட்டு மொத்தமும் கரி. வெளியே அதற்குள் வேலைக்குப் போகிறவர்கள் வரிசை கட்டியிருந்தார்கள், முணுமுணுப்பு கேட்டது. ரேடியோ, "நான் என்ன பதில் சொல்றது?" என்று கத்தினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் அவர். கருகின தட்டைத் தூக்கிக்கொண்டு, திரையைத் தோளால் தள்ளி, முன்பக்கம் போனார். எக்ஸ்ரேக்கா உள்ளேயே நின்று காது கொடுத்தாள்.

"முதல் தட்டு கருகிடுச்சுங்க. தப்பு என்மேலதான், பொண்டாட்டியப் பாத்துட்டு நின்னுட்டேன்" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முகத்துக்கும் நேராகச் சொல்லிச் சிரித்தார், பாதி மேலே, பாதி கீழே. "அடுத்தது வரக் கொஞ்சம் நேரமாகும். முடிஞ்சவங்க நில்லுங்க."

 முன்னால் நின்ற ஒருத்தர், "பரவாயில்லங்க, கருகினதுலயே எனக்கு ரெண்டு குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.